மீட்டர்ஸ், கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபங்க் என்ற அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசை பற்றிய கட்டுரையில், அதன் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனிலிருந்து நேராக ஹிப் ஹாப்புக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் மீட்டர்ஸ் என்ற ஃபங்க் குழு எங்கே? பாடகர் இல்லாத குழு என்று விட்டுவிட்டீர்களா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

விட்டது தப்புதான். காரணம் சோம்பல். ஆனால் பாடகர் இல்லை என்பது பாதிதான் சரி. 1974இல் வந்த 'ஹே பாக்கி அ-வே' பாட்டில் நன்றாகவே பாடியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்காரர்கள். ஆர்கன் வாசித்த ஆர்ட் நெவில் 1965 வாக்கில் கூட்டிய குழு. கிட்டார் லியோ நொசென்டெல்லி, பேஸ் ஜார்ஜ் போர்ட்டர், டிரம்ஸ் ஜிகபூ மாடெலிஸ்ட். ஆலன் டூசான் தயாரித்த பல பாட்டுகளுக்கு இவர்கள்தான் ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள். 1969இல் 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' வந்தது. தொடக்கத்தில் ஒரு கூவல், அப்புறம் மூன்று நிமிடம் வாத்தியம் மட்டும். அது அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின இசை) பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது.

இந்தத் தாளம் தெருவிலிருந்து வந்தது. அந்த ஊரில் சவ ஊர்வலத்தோடு பித்தளை வாத்தியக் குழு போகும். கல்லறை வரை மெதுவான துதிப்பாட்டு. அடக்கம் முடிந்ததும் ஆட்டம். குழுவுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வரும் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். ஊர்வலத்தில் பெரிய டிரம்மை ஒருவரும் சின்ன டிரம்மை ஒருவரும் நடந்துகொண்டே அடிப்பார்கள். ஜிகபூ அந்த இரண்டு பேர் வேலையையும் உட்கார்ந்த இடத்தில் ஒருவராகச் செய்தார். ஜேம்ஸ் பிரவுனின் குழு ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியில் ஓங்கி இறங்கும். ஜிகபூவின் அடியோ நாம் காத்திருக்கும் இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழும். மற்ற மூவரும் அவசரப்பட்டு அந்த இடத்தை நிரப்ப மாட்டார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பொறுமைதான் மீட்டர்ஸ்.

நியூ ஆர்லியன்ஸ் பாடகர் டாக்டர் ஜானின் 'ரைட் பிளேஸ் ராங் டைம்' பாட்டில் வாசித்திருப்பது இவர்கள்தான். 1975இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த லபெல் என்ற பெண்கள் குழுவின் 'லேடி மார்மலேட்' பதிவிலும் குழுவில் சிலர் உண்டு. பாட்டைக் கேட்டவர்களில் பலருக்கு இவர்கள் பெயரே தெரிந்திருக்காது. ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்தும் பெரிய விற்பனை வரவில்லை. 1977இல் குழு கலைந்தது.

நீங்கள் சொன்ன ஹிப் ஹாப் விஷயம்: தாளத்தில் இத்தனை வெற்றிடம் இருந்தால் பதிவில் ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேலே பேசுவது ஹிப் ஹாப்காரர்களுக்குச் சுலபம். ஆர் அண்ட் பி பாடகர்களும் விடவில்லை. 2005இல் அமெரி பாடிய '1 திங்' முழுக்க ஓடுவது 'ஓ, கல்கட்டா!' என்ற மேடை நாடகப் பாட்டுக்கு மீட்டர்ஸ் வாசித்த வாசிப்புதான்.

கட்டுரை புத்தகமாகும்போது இதைச் சேர்த்துவிடுகிறேன்.