எழுத்தாளர்கள் விளையாடியதற்கு இணையத்தில் சான்று கிடைக்குமா?

கிடைக்கும். "எல்லாம் பிறகு கட்டிவிட்ட கதைகளா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு பெயரில் டீசர்ட்டில் அச்சடித்து விற்கிறார்களே, ஒழுக்கத்தைக் கால்பந்திடம் கற்றேன் என்று, அதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்திருக்கும். அது கொஞ்சம் திருத்தப்பட்ட வாசகம்தான். அவர் நன்றி சொன்னது விளையாட்டுக்கும், அல்ஜியர்ஸில் தான் கோல்கீப்பராக நின்ற ஆர்.யு.ஏ. அணிக்கும்.

நானும் கோல்கீப்பர்தான். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்குக் கால்பந்து தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஓர் இறுதி ஆட்டம். மழை பெய்து ஓய்ந்த மைதானம். கடைசி நிமிடங்களில் சாதாரணமாக உருண்டு வந்த பந்து கைக்கடியில் வழுக்கிப் போனது. 1-0. மறுநாள் தமிழ் வகுப்பில் ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்ல எழுந்தேன். "பந்தைப் பிடிக்கத் தெரியாதவனுக்குப் பாட்டு எதுக்குலே?" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவேயில்லை.

பல வருடம் கழித்து, பிரான்சின் ஒலி-ஒளிக் காப்பகமான ஈனாவின் தளத்தில் ஒரு பழைய செய்திப்படம் பார்த்தேன். 1957 அக்டோபர், பாரிஸ் மைதானம், ரேசிங் அணிக்கும் மொனாகோவுக்கும் ஆட்டம். காம்யுவுக்கு நோபல் அறிவித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. கூட்டத்துக்கு நடுவே அவர் உட்கார்ந்திருக்கிறார். கோல் விட்ட ரேசிங் கோல்கீப்பரைப் பற்றி நிருபர் கேட்கிறார். அவரைக் குறை சொல்லக் கூடாது, கம்பங்களுக்கு நடுவே நின்றால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் என்கிற மாதிரி பதில் சொல்கிறார். 17 வயதில் காசநோய் வந்து ஆட்டத்தை விட்டவர். நான் அழுதுவிட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இதெல்லாம் விக்கிப்பீடியாவிலேயே இருக்கிறதே" என்று யாராவது வருவார்கள். இருக்கட்டும். ஒருவர் எழுதிவைத்த குறிப்பைப் படிப்பது வேறு, அந்த முகத்தைப் பார்ப்பது வேறு.

கிரிக்கெட் என்றால் வேலை இன்னும் சுலபம், ஸ்கோர்கார்டே கிடைக்கும். அயர்லாந்து நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் டப்ளின் பல்கலைக்கழகத்துக்காக, இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் அணிக்கு எதிராக 1925, 1926 ஆகிய ஆண்டுகளில் இரண்டு முதல்தர ஆட்டங்கள் ஆடினார். நான்கு இன்னிங்ஸில் மொத்தம் 35 ரன். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கானன் டாயில் முதல்தர ஆட்டங்களில் எடுத்தது ஒரே விக்கெட், 1900இல், அதுவும் இங்கிலாந்தின் பெரும் கிரிக்கெட் வீரர் டபிள்யூ.ஜி. கிரேஸுடையது. ஆனால் டாயிலின் கால்பந்தைத் தேடினால் ஏ.சி. ஸ்மித் என்று தேடுங்கள். போர்ட்ஸ்மவுத்தில் அந்தப் பெயரில்தான் கோல்கீப்பராக நின்றார்.

இதையெல்லாம் பார்த்த வேகத்தில் போன வருடம் என் கல்லூரிக்குப் போனேன். இலக்கிய மன்ற ஆண்டு மலர்களை பைண்டு பண்ணி அடுக்கியிருக்கிறார்கள், நல்லது. விளையாட்டுத் துறைப் பதிவேடுகள்? வெள்ளையடித்தபோது எடைக்குப் போட்டுவிட்டார்களாம். எங்கள் அணியில் முன்வரிசையில் ஆடிய ஒருவர் இன்று சிறுகதை எழுதுகிறார், நன்றாகவே எழுதுகிறார். நாளைக்கு அவரைத் தேடி வருகிறவனுக்கு என்ன இருக்கிறது? பதிவேட்டை எடைக்குப் போட யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டேன். பதில் இல்லை.

இப்போது நானே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். 11 ஆட்டங்கள் நினைவுக்கு வந்திருக்கின்றன. தேதி உறுதியாகத் தெரிவது இரண்டுக்குத்தான். அதில் ஒன்று, நான் பந்தை விட்ட ஆட்டம்.