டிரை ஃப்ளையில், அதாவது நீர்மேல் மிதக்கும் செயற்கை ஈயால் மீன் பிடிக்கும் முறையில், ஈ மிதக்க வேண்டும், அதைத் தூண்டில் கயிற்றோடு இணைக்கும் லீடர் இழை மட்டும் மூழ்க வேண்டும் என்கிறார்கள். எப்படி மூழ்க வைப்பது?

லீடர் முழுவதும் மூழ்க வேண்டியதில்லை. ஈயை ஒட்டிய கடைசி இரண்டு, மூன்று அடி டிப்பெட் (லீடரின் மெல்லிய நுனிப்பகுதி) மட்டும் நீர்ப்பரப்புக்குக் கீழே நூலளவு இறங்கினால் போதும். அதற்கு மேலுள்ள தடித்த பகுதியும் ஃப்ளை லைனும் (கோலிலிருந்து வரும் தடித்த கயிறு) மிதந்தே ஆக வேண்டும். இதற்குத் தேவைப்படுவது கனமான இழை அல்ல. இழையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப்பசையை நீக்கும் ஒரு மண்பசை. அது இல்லாமல், நைலானுக்கு மாற்றாக விற்கும் விலையுயர்ந்த ஃப்ளோரோகார்பன் இழை ஸ்பூலை மட்டும் வாங்குவதில் பெரிய பயன் இல்லை.

நைலானின் அடர்த்தி சுமார் 1.14, ஃப்ளோரோகார்பனுடையது சுமார் 1.78. இரண்டுமே தண்ணீரைவிடக் கனமானவைதான். ஆனால் 5எக்ஸ் (எண் கூடக் கூட இழை மெல்லியது) டிப்பெட்டின் தடிமன் வெறும் 0.15 மி.மீ. அவ்வளவு மெல்லிய இழையின் எடை நீரின் பரப்பு இழுவிசையை உடைக்கப் போதாது. விரலில் இருந்த சன்ஸ்கிரீனோ ஈக்குப் பூசிய மிதவைப் பசையோ இழையில் ஏறிவிட்டால், ஃப்ளோரோகார்பன்கூட மணிக்கணக்கில் மேலேயே கிடக்கும்.

மிதந்தால் என்ன கெடுதல்? இழையின் இருபுறமும் நீர்ப்பரப்பு குழிந்து வளைகிறது. அந்த வளைவு வெயிலைச் சிதறடிப்பதால், ஆற்றின் அடித்தரையில் இழையைவிடப் பல மடங்கு தடித்த கருநிழல் விழுகிறது. அதன் ஓரங்களில் பளிச்சென்று ஒளிக்கோடு ஓடும். மீனின் பார்வையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். டிரவுட் வெளியுலகைக் காண்பது தன் தலைக்கு மேலே சுமார் 97 பாகை விரியும் கூம்பு வழியாகத்தான். 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த ஜன்னலின் விட்டம் ஏறத்தாழ 68 செ.மீ. ஜன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடியாகிவிடும். ஈயின் முடிகள் நீரில் பதியும் இடங்கள் அந்தக் கண்ணாடியில் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகளாகத் தெரியும். அவற்றோடு சேர்ந்து ஒரு நீண்ட ஒளிக்கோடும் வந்தால், பலமுறை தூண்டிலில் பட்டுத் தப்பிய மீன் ஒதுங்கிவிடும்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட், இட்சன் போன்ற சுண்ணாம்புப்பாறை ஊற்று ஆறுகளில்தான் இது முழு வீரியத்தோடு தெரியும். நீர் தெளிவு, ஓட்டம் நிதானம், பரப்பு வழவழப்பு, அடியில் வெளிர்நிறச் சரளை. நண்பகல் வெயிலில் அங்கே மிதக்கும் டிப்பெட்டோடு வீசுவது மீனுக்கு முன்னறிவிப்பு கொடுப்பதற்குச் சமம். மாறாக, கல்லில் மோதி நுரைத்து ஓடும் மலை ஓடையில் இதற்காக ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம். கலங்கிய பரப்பே இழையை மறைத்துவிடும்.

இனி பசை. கடைகளில் லூன் நிறுவனத்தின் ஸ்னேக் ரிவர் மட் போன்றவை கிடைக்கும். வீட்டிலேயே செய்தாலும் தரத்தில் குறையாது. மூலப்பொருள் ஃபுல்லர்ஸ் எர்த், அதாவது நம் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கும் அதே முல்தானி மிட்டி. வாசனை சேர்க்காத பொடியாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு மேசைக்கரண்டிப் பொடியில் அரை தேக்கரண்டி கிளிசரின் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்று இளகிய பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மண் எண்ணெயை உறிஞ்சுகிறது. சோப்பு, இழையில் நீர் ஒட்ட உதவுகிறது. கிளிசரின் பசை காய்ந்து போகாமல் காக்கிறது. சோப்பு அதிகமானால் பசை ஒழுகி ஈக்குப் போய்விடும், ஈ மூழ்கும். திருகுமூடி போட்ட சின்ன டப்பாவில் வையுங்கள். இறுகிப்போனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் சரியாகிவிடும்.

பூசும் முறையைவிட வரிசை முக்கியம். மிதவைப் பசையை ஈயைக் கட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள். கட்டிய பிறகு பூசினால், ஈயை ஒட்டிய இழையிலும் அது ஏறும். மீன் மிக அருகில் பார்க்கும் இடமே மிதக்கத் தொடங்கிவிடும். பிறகு விரல்களை மண்பசையாலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு முடிச்சுப் போடுங்கள். முடிச்சின் வால்நுனியை ஒட்ட நறுக்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வால் காற்றுக்குமிழைப் பிடித்துக்கொண்டு இழையை மேலே நிறுத்தும்.

அதன்பின் பட்டாணி அளவு பசையைச் சிறு தோல் துண்டிலோ துணியிலோ வைத்து மடித்து, ஈயிலிருந்து இரண்டு, மூன்று செ.மீ. தள்ளி இழையைப் பிடித்து, லீடரின் தடித்த முனைப் பக்கமாக இழுங்கள். ஈயை நோக்கி இழுத்தால் பசையெல்லாம் முடிச்சில் குவியும். மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் மெல்லிய நைலான் சுருண்டுவிடும், வலுவும் குறையும். இரண்டு முறை போதும். நீரில் அலசி மிச்ச மண்ணைப் போக்கிவிட்டு வீசலாம்.

சரியாக வந்ததா என்று முழங்காலளவு ஆழத்தில், வெயிலில் பாருங்கள். ஈயின் நிழல் அடித்தரையில் பொட்டாகத் தெரிந்து, இழையின் நிழல் மயிரிழையாக மங்கிவிட்டால் மூழ்கிவிட்டது. கயிறு கிடப்பதுபோல் கருங்கோடு தெரிந்தால் மீண்டும் பூசுங்கள். சில இடங்களில் மட்டும் மேலே துருத்தினால், ஸ்பூலில் சுற்றிக் கிடந்த சுருள் இன்னும் போகவில்லை என்று பொருள். இரு கையாலும் நிதானமாக நீட்டிப் பிடித்தால் நேராகும்.

இந்தப் பூச்சு நிலைப்பதில்லை. காற்றில் முன்னும் பின்னும் பலமுறை வீசி ஈயை உலர்த்தும்போது டிப்பெட்டும் உலர்ந்து மறுபடி மிதக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஈ மாற்றும்போதும் பூசுவதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். பூசியும் இழை தயங்கினால், மீன் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் முன்பே, நீரோட்டம் வரும் பக்கத்தில் ஈ விழும்படி வீசி, கோல்நுனியால் ஒரு சிறு வெட்டு வெட்டுங்கள். இழை நீருக்குள் இறங்கும், ஈ மட்டும் சற்று நகரும். மீனின் தலைக்கு மேல் இதைச் செய்தால் காரியம் கெட்டது.

ஃப்ளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42. நைலானைவிட (சுமார் 1.53) தண்ணீரின் 1.33-க்கு இது நெருக்கம்; மூழ்கிய பிறகு குறைவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் விறைப்பு அதிகம். 18-ஆம் எண் கொக்கியைவிடச் சிறிய ஈயைக் கட்டினால் இயல்பான மிதப்பு கெட்டு இழுபடும். அத்தகைய சின்ன ஈக்களுக்கு 6எக்ஸ் நைலானும் மண்பசையும்தான் என் தேர்வு. ஃப்ளோரோகார்பனைப் பயன்படுத்தினால் முடிச்சை இறுக்கும் முன் நன்றாக நனையுங்கள். நறுக்கிய துண்டுகளை ஆற்றில் போடாதீர்கள், அவை எளிதில் மக்குவதில்லை.

பேராசையில் லீடர் முழுவதும் பசையைத் தடவிவிடாதீர்கள். தடித்த பகுதி மூழ்கினால் மீன் கவ்வியதும் கோலைத் தூக்குகையில் நீரின் எதிர்ப்பால் கொக்கி தாமதமாகத்தான் பதியும். மறுவீச்சுக்கு எடுக்கும்போது ஈ நீருக்குள் இழுபட்டு, களுக்கென்று சத்தமும் போடும். ஈயிலேயே பசை பட்டுவிட்டால் அதை நன்றாக நீரில் அலசி, துணியில் ஒற்றி, சிலிகா உலர்பொடியில் குலுக்கி எடுங்கள். அப்படியும் மூழ்கினால் ஈயை மாற்றிவிடுவதே நல்லது.