இதய மாத்திரையோடு மூட்டுவலி மாத்திரை: வழக்கு போட முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. வேலூரில் காட்டி அமியோடரோன் சாப்பிட்டு வருகிறார். கை மூட்டு வீக்கத்துக்கு எங்கள் ஊர் தனியார் டாக்டர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எழுதினார். தீர்ந்ததும் பழைய அட்டையைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்கினோம். போன மாதம் மயங்கி விழுந்து ஐசியூ வரை போய்விட்டார். இரண்டு மாத்திரையும் சேர்ந்ததால் வந்தது என்கிறார்கள். நஷ்டஈடு கேட்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: கேட்கலாம் அம்மா. ஆனால் பாதிப்பு வந்துவிட்டது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது. டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று காட்ட வேண்டும்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அடிப்படையில் மலேரியா மருந்து, முடக்குவாதத்துக்கும் தருகிறார்கள். அதுவும் அமியோடரோனும் தனித்தனியாகவே ஈசிஜியில் 'க்யூடி' இடைவெளியை, அதாவது ஒரு துடிப்புக்குப் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரத்தை, நீட்டக்கூடியவை. சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம். சில நேரம் தெரிந்தேதான் சேர்த்துத் தருவார்கள். அப்போது ஈசிஜி எடுத்துக் கண்காணிப்பார்கள். ஆகவே வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டாரா, நீங்கள் சொன்னீர்களா, ஈசிஜி பார்த்தாரா என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. சீட்டில் 'இதய நோயாளி' என்று ஒரு வரி இருந்தால்கூட அது உங்களுக்குப் பெரிய பலம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததுதான் துடிப்பு கெட்டதற்குக் காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு கட்டாயம் வேண்டும்.

மெடிக்கல் கடையின் தவறு தனி. 2020 மார்ச்சில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை எச்1 பட்டியல் (கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) நிபந்தனைகளுக்குள் கொண்டுவந்தார்கள். சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது; எழுதிய டாக்டர், நோயாளி, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற்றி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தப் பதிவேட்டை அவர் கேட்டு வாங்கிப் பார்க்க முடியும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: ஈசிஜி தாளையும் மெடிக்கல் பில்லையும் ஜெராக்ஸ் எடுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். காலி அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள். சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி.

போலீஸுக்குப் போகச் சொல்பவர்கள் இருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். கிரிமினல் வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் உங்களுக்குச் சரியான இடம். 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். டாக்டருக்கும் கடைக்கும் நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் தீர்ப்பு உண்டு. மலேரியாவை டைபாய்டு என்று நினைத்து வைத்தியம் செய்த வழக்கு அது. இருந்தாலும், இப்போது பார்க்கும் இதய டாக்டரிடம் காரணத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அப்புறம், பயந்துபோய் அமியோடரோனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதை அந்த டாக்டரே சொல்லட்டும்.