தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கில வகுப்பும் செமினாரும்

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த உங்களுக்கு, பொறியியல் முதலாண்டுப் பாடநூல் வாசித்தால் புரிகிறது, வகுப்பில் கேட்டால் புரியவில்லை, செமினாரில் வாயே திறக்க வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துப் புரிந்துகொள்கிறீர்கள் என்றால் பாடம் உங்களுக்கு எட்டாததன்று. காதுதான் இன்னும் பழகவில்லை.

என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மறுநாள் நடக்கவிருக்கும் பாடத்தையொட்டி ஐந்து நிமிடப் பகுதியை எடுத்து, முதலில் திரையின் அடியில் ஓடும் எழுத்துவரி (சப்டைட்டில்) இல்லாமல் கேட்டு, காதில் விழுந்ததை எழுதி, பிறகு எழுத்துவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'ரேட் ஆஃப் சேஞ்ச்' என்பது பேச்சு வேகத்தில் 'ரேட்டஃப்சேஞ்ச்' என்று ஒட்டி ஒலிப்பதைப் போன்ற இடங்களில்தான், தெரிந்த சொல்லே தெரியாததுபோல் நழுவிப் போகிறது. வகுப்பிலும் எல்லாவற்றையும் எழுத முயலாமல், 'ஹவெவர்', 'ஃபார் எக்ஸாம்பிள்', 'தேர்ஃபோர்' என்று ஆசிரியரின் பேச்சு திரும்பும் இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

செமினாருக்கு மனப்பாடம் செய்யவே வேண்டாம். ஒரு சொல் மறந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். ஒரேயொரு படத்தை வரைந்து வைத்து, அதைக் காட்டி இரண்டு நிமிடம் தாளைப் பார்க்காமல் பேசி, கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பிரிவிலும் ஒரு பகுதியில் ஒரு நிமிட ஆயத்தத்துக்குப் பின் இரண்டு நிமிடம் வரைதான் தொடர்ந்து பேசச் சொல்கிறார்கள். இலக்கணப் பிழைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வாக்கியத்தைப் பாதியில் கைவிடாமல் முடிக்கிறீர்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.