'ரஷ் ஹவர் 2' டிஸ்க்: கேட்டவர்களுக்குப் பதில்

ஜாக்கி சான், கிறிஸ் டக்கர் ஜோடியின் 'ரஷ் ஹவர் 2' டிவிடியை இன்றைக்கும் பழைய கடைகளில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அலமாரியில் அமெரிக்கப் பதிப்பும் இருக்கிறது, ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் டிவி முறையான 'பால்' (PAL) பதிப்பும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன போல.

அண்ணே, முதல் பாகம் பார்க்காமல் நேராக இதைப் பார்க்கலாமா?

தாராளமாக. 1998இல் வந்த முதல் படத்தில் ஹாங்காங் போலீஸ் அதிகாரி லீ (ஜாக்கி சான்), லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து முழிப்பார். இரண்டாவதில் அந்த ஊர் போலீஸ்காரர் கார்ட்டர் (கிறிஸ் டக்கர்) விடுமுறைக்கு ஹாங்காங் போய் முழிக்கிறார். நடுவில் ஒரு குண்டுவெடிப்பு, 100 டாலர் கள்ளநோட்டு, லாஸ் வேகாஸ். கதை அவ்வளவுதான்.

ஆகஸ்டில் தியேட்டர், டிசம்பரிலேயே டிவிடி. படம் ஓடவில்லையா?

ஓடாமலா? 2001 ஆகஸ்ட் 3இல் அமெரிக்காவில் வெளியானது, முதல் வார இறுதியிலேயே 67 மில்லியன் டாலர். 90 மில்லியனில் எடுத்த படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 347 மில்லியன் வசூலித்தது. டிசம்பர் 11இல் டிஸ்க் வந்ததற்குக் காரணம் கிறிஸ்துமஸ். அந்த வருஷங்களில் வீடியோ டேப் என்றால் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது. கடைக்காரர் வாங்கும் விலையே நூறு டாலர் பக்கம் இருக்கும். டிவிடி வந்ததும் கணக்கு மாறியது. இருபது, இருபத்தைந்து டாலருக்கு ஜனங்களே வாங்கிப் பரிசாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கோடையில் ஓடிய படத்தைப் பண்டிகைக்கு முன் கடையில் வைக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

அட்டையில் 'இன்ஃபினிஃபில்ம்' என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

படத்தை வெளியிட்ட நியூ லைன் நிறுவனம் 2001இல் தொடங்கிய வரிசை அது. அந்த வசதியை இயக்கிவிட்டுப் படம் பார்த்தால், சில காட்சிகளில் திரையின் அடியில் ஒரு பட்டை எட்டிப்பார்க்கும். ரிமோட்டில் பொத்தானை அமுக்கினால் படம் நின்று, அந்தக் காட்சி தொடர்பான சிறு படம் ஓடும். முடிந்ததும் விட்ட இடத்திலேயே கொண்டுவந்து விடும். முதல் தடவை பார்க்கும்போது தயவுசெய்து அணைத்து வையுங்கள். சிரிப்புக்கு ஒரு வேகம் உண்டு, நடுவில் பட்டை வந்தால் கெட்டுப்போகும். இரண்டாம் தடவைக்குச் சரி. இயக்குநர் பிரெட் ராட்னரும் எழுத்தாளர் ஜெஃப் நாதன்சனும் பேசும் தனி ஒலித்தடமும் இருக்கிறது.

சார், என் டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது. முழுத்திரைப் பதிப்பு வாங்கினால் நல்லதா?

வாங்காதீர்கள். மற்ற படமாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

பட்டை வந்தால் படம் வெட்டப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு, பழைய டிவியின் அகலம் 1.33 மடங்கு. பக்கங்களை மட்டும் வெட்டி அந்தச் சதுரத்தை நிரப்பினால் நாற்பது சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். தனி ஆள் படம் என்றால் நாயகனை நடுவில் வைத்துச் சமாளிக்கலாம். இது இரண்டு ஆள் படம். டக்கர் வாய் மூடாமல் பேசுவார், ஆனால் சிரிப்பு வருவது அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் ஜாக்கியின் முகத்தில். ஓரத்தில் நிற்கும் அந்த முகத்தை வெட்டினால் மிச்சம் இருப்பது வெறும் சத்தம்.

மசாஜ் நிலையச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் குளியல் அங்கியில், யார் எவர் என்று தெரியாத குழப்பம். கார்ட்டர் ஒருவனைக் குத்துகிறார், இன்னொருவனைக் குத்துகிறார், அதே வேகத்தில் லீயையும் குத்திவிடுகிறார். குத்துகிற கையும் வாங்குகிற மூஞ்சியும் ஒரே சட்டகத்தில் இருந்தால்தான் அது நகைச்சுவை. கேமரா ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தாவினால் சாதாரண அடிதடி. ஜாக்கி சான் ஹாங்காங்கில் கற்ற பாடமும் அதுதான்: அடி விழும்போது இரண்டு பேரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கசினோ காட்சியும் அப்படியே. லீயின் வாயில் குண்டை வைத்து மேலே டேப் ஒட்டிவிடுகிறார்கள். மனிதர் கண்ணாலேயே கத்துகிறார், எதிரே கார்ட்டர். அந்த இரண்டு முகங்களையும் பிரித்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பால் பதிப்பு 86 நிமிடத்தில் முடிந்துவிட்டது. காட்சிகளை வெட்டிவிட்டார்களா?

இல்லை தம்பி, ஓட்டிவிட்டார்கள். தியேட்டரில் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள்; பால் முறையில் 25. அதனால் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், 90 நிமிடம் 86 ஆகிவிடும். சுருதியைச் சரிசெய்யாத டிஸ்க்குகளில் குரலும் கொஞ்சம் ஏறும். டக்கரின் குரல் ஏற்கெனவே கீச்சுக்குரல், அதை இன்னும் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிப்பில் வேகம் சரி. ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது லேசாகத் திக்கும், ஏனென்றால் அங்கே சில பிரேம்கள் இரண்டு தடவையும் சில மூன்று தடவையும் காட்டப்படுகின்றன. எனக்கு அந்தத் திக்கல் பரவாயில்லை.

அமெரிக்க டிஸ்க் நம் ஊர் பிளேயரில் ஓடுமா?

டிவிடிகளை உலகின் பகுதிவாரியாக எண் போட்டுப் பூட்டி விற்பார்கள்; அமெரிக்காவுக்கு மண்டல எண் 1, இந்தியாவுக்கு 5. பூட்டு உள்ள பிளேயர் என்றால் ஓடாது. ஆசை ஆசையாய் டிஸ்க்கை வாங்கிவந்து போட்டால் 'தவறான மண்டலம்' என்று காட்டியது, அன்று இரவு முழுக்க அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பல மாடல்களில் ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் பூட்டு திறக்கும். டிஸ்க் வாங்கும் முன்பே உங்கள் மாடலுக்கு அந்த வழி உண்டா என்று பாருங்கள்.

வேகாஸில் காட்டும் 'ரெட் டிராகன்' கசினோ இப்போது இருக்கிறதா?

எப்போதுமே இல்லை. 2000 ஆகஸ்டில் மூடப்பட்ட 'டெசர்ட் இன்' ஹோட்டலில் போட்ட வேஷம் அது. படம் வெளியான பிறகு, டிஸ்க் வருவதற்கு முன், 2001 அக்டோபரில் அதன் ஒரு கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் இப்போது 'வின்' ஹோட்டல் நிற்கிறது.

வில்லனின் கூட்டாளியாக வரும் நடிகை ஜாங் ஸீயி ஏன் பேசவே மாட்டேன் என்கிறார்?

அப்போது அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, இயக்குநர் சொல்வதை ஜாக்கி மொழிபெயர்த்துச் சொல்வார். அது படத்துக்கு லாபமாகவே முடிந்தது. ஓயாமல் பேசும் கார்ட்டருக்கு எதிரே, பேசாமல் உதைக்கும் ஒரு பெண்.

படம் முடிந்ததும் வரும் சொதப்பல் காட்சிகள் டிஸ்க்கில் உண்டா?

உண்டு, பெயர்கள் ஓடும்போதே வரும், அணைத்துவிடாதீர்கள். 1981இல் 'கேனன்பால் ரன்' படத்தில் நடித்தபோது பார்த்துப் பிடித்துப்போய் ஜாக்கி தன் படங்களுக்கு எடுத்துக்கொண்ட பழக்கம் இது. இந்தப் படத்தில் கடைசியாக வருவதுதான் எனக்குப் பிடித்தது. வில்லன் ரிக்கி டான் மாடியிலிருந்து விழுந்ததும் டக்கர் கீழே எட்டிப் பார்த்து, இந்த ஆள் மூன்றாம் பாகத்தில் வரமாட்டான் என்கிறார். மூன்றாம் பாகம் 2007இல் வந்தது. ரிக்கி டானாக நடித்த ஜான் லோன் அதில் இல்லை.