பை அப்புறம், முதலில் தண்ணீர் கேன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். வெள்ளமோ மின்வெட்டோ வந்தால் மூன்று நாள் சமாளிக்க, கடையில் விற்கும் அவசரகாலப் பையை வாங்கலாமா? விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது.

பதில்: வாங்க வேண்டாம். விசில், திசைகாட்டி, மடக்குக் கத்தி எல்லாம் காட்டுக்குப் போகிறவருக்கு உதவும். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஐந்து பேருக்கு முதல் நாளே தேவைப்படுவது தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மழை விட்ட பிறகும் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வராமல் ஜனங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

குடிக்க, சமைக்க, கை கழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வையுங்கள். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். பலர் எல்லாவற்றையும் 25 லிட்டர் கேன்களாக வாங்கி அடுக்கிவிடுகிறார்கள். நிரம்பிய கேன் 25 கிலோவுக்கு மேல் கனக்கும். கணவர் வேலைக்குப் போன நேரத்தில் உங்கள் மாமியாரால் அதைச் சாய்த்து ஒரு டம்ளர் ஊற்ற முடியுமா? அதனால் 5 லிட்டர் கேன் எட்டு, அடியில் குழாய் வைத்த 25 லிட்டர் கேன் ஒன்று. பெரியதை உறுதியான ஸ்டூல்மேல் வைத்த பிறகு நிரப்புங்கள். பெயின்ட், பூச்சிமருந்து இருந்த டப்பா எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. வெயில் படாத இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

சேமிப்பு தீர்ந்து, சந்தேகமான தண்ணீரைப் பிடிக்க நேர்ந்தால் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். கேஸ் குறைவாக இருந்தால், வாசனை சேர்க்காத ப்ளீச் 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கலந்து, குறைந்தது 2 மணி நேரம் மூடி வைத்தபின் குடியுங்கள்.

சாப்பாட்டுக்கு நிறையத் தண்ணீர் கேட்காத பொருள்களே போதும்: அவல், டின் மீன், டின் பீன்ஸ், ரஸ்க். டின் திறப்பான் மறக்க வேண்டாம்.

அடுத்தது இன்சுலின். புதிய குப்பிகளுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். திறந்து பயன்படுத்துவது பெரும்பாலும் 25 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும்; உங்கள் மாமியாரின் வகைக்கு என்ன கணக்கு என்று கிளினிக்கில் இப்போதே கேட்டுவிடுங்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், சுமார் 4 மணி நேரம் குளிர் நிற்கும். அதற்குமேல் போனால் ஒரு மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடைவெளியில் ஈர மணல் நிரப்பி, குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். உங்கள் பக்கத்துப் புழுக்கத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்தால்தான் இது குளிரும். ஐஸ்மேல் நேராக வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் வீண். உபரி ஊசிகளும், சர்க்கரை திடீரென இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸும் கூடவே இருக்கட்டும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் மெழுகுவர்த்தி வேண்டாம், சார்ஜ் செய்யும் எல்இடி விளக்கு இரண்டு போதும். கேஸ் அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அவற்றின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நீண்ட மின்வெட்டில் செல்போன் டவரும் ஓய்ந்துவிடும் என்பதால் பேட்டரி ரேடியோ ஒன்று அவசியம். சிக்னல் இருந்தால் செல்போனில் அவசர எண் 112.

சரி, பை? பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பை போதும். தண்ணீர் ஏறி வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டி வந்தால் தூக்கிக்கொள்ள. அடையாள அட்டை நகல்கள், கிளினிக் அட்டை, மருந்துப் பட்டியல் எல்லாம் பிளாஸ்டிக் உறையில். கரண்ட் இல்லாத இடத்தில் வங்கி அட்டை செல்லாது, சில்லறை ராண்ட் நோட்டுகளும் இருக்கட்டும். பையை வாசல் பக்கம் மாட்டி, கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டுங்கள்: “ஃபிரிட்ஜில் இன்சுலின்.”