தாய்ச்செடிக்கு எதில் செலவு செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: வெயில் படாத ஓர் அறையில் அலமாரி போட்டு, விளக்கு வெளிச்சத்தில் புதினா, ஓமவல்லி, கோலியஸ், ரோஸ்மேரி வளர்க்கிறேன். மாதா மாதம் நாற்று எடுத்து எங்கள் அடுக்ககத்திலேயே விற்க ஆசை. மூடி போட்ட தட்டு, சூடேற்றும் விரிப்பு, வேர் ஊக்கி ஜெல் எல்லாம் சேர்த்து 'குளோனிங் கிட்' என்று ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய்க்குப் போடுகிறார்கள். வாங்கலாமா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியைக்கூட நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வேர் பிடிக்க ஏற்ற சூடு 22 முதல் 25 டிகிரி. சூடேற்றும் விரிப்பு குளிர்நாட்டுக்காரர்களுக்காக வந்த பொருள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழியில் நாற்றுப் போடுகிறவருக்கு அது உதவும். சென்னையில் அதைப் போட்டால் வேர் வருவதற்குள் தண்டு அழுகிவிடும். மூடி போட்ட தட்டுக்குப் பதில், 20 லிட்டர் தண்ணீர் கேனைக் குறுக்கே அறுத்துக் கவிழ்த்தால் போதும். தினமும் ஒரு தடவை மூடியைத் தூக்கிக் காற்று விடுங்கள்.

வேர் ஊக்கி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதினா, ஓமவல்லி, கோலியஸ் மூன்றுக்கும் அது தேவையே இல்லை. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரமான கோகோபீட்டில் (தேங்காய் மட்டைத் தூள்) குத்தினால் பத்துப் பதினைந்து நாளில் வேர் வந்துவிடும். உங்கள் பட்டியலில் ரோஸ்மேரிக்கு மட்டும்தான் ஊக்கி பயன்படும். அதற்கும் ஜெல் வேண்டாம், பவுடரே போதும். பாக்கெட்டில் ஐ.பி.ஏ. என்ற மருந்தின் அளவு போட்டிருக்கும். இளந்தண்டுக்கு 0.1 சதவீதம், பாதி முற்றியதற்கு 0.3, நன்கு முற்றிய கட்டைக்கு 0.8 என்பது பொதுவான கணக்கு. நீங்கள் நுனிக் கொழுந்தைத்தான் வெட்டப் போகிறீர்கள் என்பதால் 0.1 எடுங்கள். அளவே அச்சிடாத பாக்கெட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். டப்பாவுக்குள் குச்சியை முக்காமல், கொஞ்சம் வெளியே கொட்டித் தொட்டு எடுங்கள். ஈரம் பட்டால் மீதிப் பவுடர் கெட்டுப்போகும். ரோஸ்மேரிக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம், பொறுமையாக இருங்கள்.

மிச்சமாகும் பணத்தை நல்ல தாய்ச்செடிக்கு, அதாவது நீங்கள் குச்சி வெட்டி எடுக்கும் மூலச்செடிக்கு, செலவிடுங்கள். நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடி கண்ணைப் பறிக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டியது பூக்காத, அடியிலிருந்து பல கிளை விட்ட செடி. இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைக் காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படையும், மேலே ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்து, சுருங்கியும் இருந்தால் வைரஸாக இருக்கலாம். மற்ற இரண்டையும் வேப்பெண்ணெய்க் கரைசலால் சமாளிக்கலாம். வைரஸுக்கு மருந்தே கிடையாது, நீங்கள் வெட்டும் ஒவ்வொரு குச்சியோடும் அது போகும். விற்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: அடுத்தவர் வீட்டுத் தோட்டத்துக்கு நோயை அனுப்பிவிடக் கூடாது. எந்தச் செடி வாங்கினாலும் இரண்டு மூன்று வாரம் தனி அறையில் வைத்திருந்து, அப்புறம் அலமாரிக்குக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு தாய்ச்செடியை வெட்டி முடித்ததும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள்.

கேள்வி: '1000 வாட்' என்று போட்டிருந்த எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு வாங்கினேன். வெளிச்சம் ஊதா நிறத்தில் மங்கலாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (வாசகர், திருச்சி)

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் தெரிகிறது. இவற்றில் பல, உண்மையில் 100 வாட் அளவுதான் இழுக்கும். பழைய வகை விளக்குக்கு 'இணையானது' என்ற பெயரில் ஒரு பெரிய எண்ணைப் பெட்டியில் அடித்துவிடுகிறார்கள்.

நீங்களே சோதிக்கலாம். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த விளக்கை மட்டும் போடுங்கள். மின்மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரிலேயே எழுதியிருக்கும், பலவற்றில் 3200. அப்படியானால் விளக்கு 100 வாட் இழுக்கும்போது ஏறத்தாழ 11 வினாடிக்கு ஒரு சிமிட்டல் வரும். உண்மையிலேயே 1000 வாட் என்றால் வினாடிக்கு ஒன்று என்ற அளவில் படபடக்கும். இதை மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மேலே போவதானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். நாம் விட்டுவிடுவதால்தான் அந்தப் பெட்டிகளில் அந்த எண் இன்னும் அச்சாகிறது.

அடுத்து வாங்கும்போது வெள்ளை எல்.இ.டி. பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடித் தட்டுக்கு உண்மையான 40 முதல் 60 வாட் இருந்தால் கீரை, மூலிகை வகைகளுக்குச் சரியாக இருக்கும். ஊதா வெளிச்சத்தில் இலையின் மஞ்சளும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியாது. தாய்ச்செடி வைத்திருப்பவருக்கு அது பெரிய குறை. 40 வாட் விளக்கு தினம் 14 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 34 யூனிட் ஆகும். உங்கள் வீட்டு உபயோகம் அடுத்த ஸ்லாப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆரம்பத்தில் நன்றாக வேர் பிடித்த சாமந்திக் குச்சிகள் இப்போது மொட்டு வைக்கின்றன, வேர் விடுவதில்லை. புதிய உரம் ஏதாவது வாங்கிப் போடட்டுமா? (வாசகி, கோவை)

பதில்: உரம் வாங்க வேண்டாம். டைமர் பிளக் ஒன்று வாங்குங்கள்.

சாமந்தி, பகல் குறைந்தால் பூக்கும் செடி. தாய்ச்செடியைப் பூக்கவிடாமல் வைத்திருக்க நீண்ட பகல் வேண்டும். விளக்கு தினம் 16 மணி நேரம் எரியட்டும். ஓசூர் பக்கம் பசுமைக்குடில்களில் இரவில் விளக்கு எரிவதும் இதற்காகத்தான். கையால் போட்டு அணைத்தால் ஒரு நாள் மறந்துவிடுவோம், அதனால்தான் டைமர். இருட்டு நேரத்தில் அறைக்குள் வேறு வெளிச்சம் வந்து போவது சாமந்திக்குத் தொல்லை இல்லை, இருட்டு நீண்டுவிடுவதுதான் தொல்லை.

இன்னொரு காரணம் வயது. மாதக்கணக்கில் வெட்டி வெட்டி எடுத்த செடியில் தண்டு முற்றிவிடும், நீண்ட பகல் கொடுத்தாலும் மொட்டு எட்டிப் பார்க்கும். எனவே சிறந்த குச்சிகளை விற்றுவிடாமல், அவற்றில் இரண்டை அடுத்த தாய்ச்செடியாக ஒதுக்குங்கள். ஒரே தாய்ச்செடியை நம்பி இருக்க வேண்டாம், எப்போதும் இரண்டு இருக்கட்டும். ஒரு தடவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.

உரம் கூடினால் கெடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தழைச்சத்து அதிகமானால் கொழுந்து கொழுகொழுவென்று வரும், ஆனால் குத்தி வைத்தால் அழுகும். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே உரத்தைக் குறைத்து, காலையில் செடி விறைப்பாக இருக்கும்போது வெட்டுங்கள்.

கேள்வி: கோகோபீட் கட்டியில் விலை வித்தியாசம் ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: கழுவியதா, கழுவாததா என்பதுதான் முக்கியமான வித்தியாசம். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததில் உப்பு தங்கியிருக்கும், இளவேர் கருகிவிடும். பாக்கெட்டில் 'இ.சி. 0.5க்குக் குறைவு' என்று இருந்தால் எடுங்கள்; இ.சி. என்பது உப்பு எவ்வளவு என்று காட்டும் எண். ஏற்கனவே மலிவானதை வாங்கிவிட்டீர்களா? ஊறவைத்துப் பிழிந்து, சாயம் போல வரும் தண்ணீர் வெளிறும்வரை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கடைத்தெருவில் கிடைக்கும் 5 கிலோ கட்டி ஊறியபின் சுமார் 70 லிட்டர் ஆகும். சின்ன அறைக்கு அதுவே அதிகம்.

கேள்வி: கடையில் வாங்கிய ரோஜாவிலிருந்து குச்சி எடுத்து விற்றால் சட்டப்படி தவறா? (வாசகர், மதுரை)

பதில்: ரகத்தைப் பொறுத்தது. 2001ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் பதிவான ரகம் என்றால், உரிமையாளரின் அனுமதியின்றி அதன் நாற்றையோ குச்சியையோ பெருக்கி வியாபாரம் செய்வது சிக்கலில் கொண்டுவிடும். அந்தப் பாதுகாப்புக் காலம் மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 15. பன்னீர் ரோஜா போன்ற பழைய நாட்டு வகைகளில் இந்தத் தொல்லை இல்லை. பெயர்ச்சீட்டோடு வரும் புதுக் கலப்பின ரோஜா, சாமந்தி என்றால் நர்சரிக்காரரிடம் ரகத்தின் பெயரைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பெயர் தெரிந்தால்தான் பதிவு இருக்கிறதா என்று தேட முடியும்.